தேதி இல்லாத மாத்திரைகள்

கோடை விடுமுறையில் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் மாத்திரை டப்பா கையில் கிடைத்தது. பழைய பிஸ்கட் டப்பா, தகரம். மூடியில் இருந்த படத்தில் பாதியைத் துரு தின்றுவிட்டது. அப்பா 2021-இல் காலமானார். அம்மா அந்த டப்பாவைத் தூக்கி எறியவும் இல்லை, கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளவும் இல்லை. நெம்பித் திறந்ததும் வினிகர் போன்ற ஒரு புளித்த வாடை வந்தது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து, எண்பதுகளின் நடுவில் கல்வராயன் மலைக்கு மாற்றலாகி, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தவர். மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. திங்கட்கிழமை விடியலில் சின்னசேலத்திலிருந்து கிளம்பிக் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறுவார். சனிக்கிழமை இருட்டிய பிறகு வீடு திரும்புவார். துணிப்பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, விடைத்தாள் கட்டு, இந்த டப்பா. மலையில் அப்போது பேருந்து என்பதே ஒரு நம்பிக்கைதான். மழை பெய்தால் அந்த நம்பிக்கையும் இல்லை. பள்ளியில் ஐம்பது அறுபது பிள்ளைகள். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: வாத்தியார் டப்பாவைத் திறப்பார்.

டப்பாவுக்கு மாத்திரை சேர்வது எங்கள் தெருவில். யார் வீட்டிலாவது உடம்பு சரியாகி மாத்திரை மிஞ்சினால் அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அத்தை தன் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பை நிறைய மருந்து கொண்டுவந்து வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவற்றை எண்ணிப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. காய்ச்சலுக்கு ஒரு பொட்டலம், வயிற்றுப்போக்குக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று. ‘காப்சூல்’ என்று அப்பா எழுதிய பொட்டலம் மட்டும் தனியாக இருக்கும். அது கடுமையான காய்ச்சலுக்கு.

அந்த எண்ணிக்கையில் நான் ஒருபோதும் கவனிக்காத ஒன்றை இப்போதுதான் கவனிக்கிறேன். பாதிக்கு மேற்பட்டவை வெட்டப்பட்ட துண்டுகள். நம் ஊரில் மாத்திரையை யாரும் அட்டையாக வாங்குவதில்லை. “ஆறு வெட்டிக் குடுங்க” என்போம். மருந்துக்கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார். தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். தொழில் தெரிந்த கடைக்காரர் அந்த முனையைக் கடைசிவரை கடையிலேயே வைத்திருப்பார். அவர் அதைப் பார்த்துத்தானே விற்க வேண்டும்? ஆகவே கடைசித் துண்டை வாங்குகிறவருக்கு மட்டும் தேதி கிடைக்கும். மற்றவர்களுக்கு மாத்திரை மட்டும். பத்தையும் வாங்கக் காசுள்ளவன் தேதியையும் சேர்த்து வாங்குகிறான். கெட்டுப்போன மருந்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ‘தேதியைப் பாருங்கள்’ என்கிறார்கள். பார்ப்பதற்கு அங்கே தேதி இருந்தால்தானே.

காலாவதி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை; தமிழ் வாத்தியாருக்கு இந்த இடத்தில் சும்மா இருக்க முடியாது. காலம், அவதி என்று பிரிய வேண்டிய வடசொல் அது. அவதி என்றால் எல்லை, தவணை. நாம் பேச்சில் அவதி என்பதைத் துன்பம் என்ற பொருளில் மட்டுமே வைத்துக்கொண்டோம். ‘என்ன அவதிப்பட்டேன் தெரியுமா’ என்கிறோம். எனவே காலாவதி என்று கேட்டதும் ஒரு தவணை முடிந்தது என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஏதோ கேடு நேர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. என் வகுப்பில் ஒரு மாணவன் காலாவதி என்றால் செத்துப்போனது என்றே பொருள் எழுதியிருந்தான். அரை மதிப்பெண் போட்டேன். அப்பாவும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார் என்பது 2010-இல் தெரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதச் செய்தித்தாள்கள் நினைவிருப்பவர்களுக்கு இருக்கும். சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சிட்டு, மறுபடி கடைகளுக்கு அனுப்பிய கூட்டம் ஒன்று பிடிபட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது. மாநிலம் முழுக்க மருந்துக்கடைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடந்தது. எங்கள் ஊரில் ஒரு வாரம் டீக்கடைப் பேச்சு முழுவதும் அதுதான். இருமல் மருந்து குடித்தவர்களெல்லாம் தங்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று தங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அப்போது ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி வந்த அன்று பகலுணவுக்குப் பிறகு இந்த டப்பாவை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கேற்றப் போனபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, அந்தப் பையனுக்கு நான் குடுத்த காப்சூல் தேதி போனதா இருந்திருக்குமோ?”

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத கதை அது. 1991 ஐப்பசி. விடாத மழை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். அப்பா காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். இறங்கியது. மறுபடி ஏறியது. இரண்டாம் நாள் காப்சூல் பொட்டலத்தைப் பிரித்து ஒன்று காலையில், ஒன்று இரவில் கொடுத்தார். மூன்றாம் நாள் பையன் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிதற்றத் தொடங்கினான். பாதையில் மண் சரிந்து வண்டி வரவில்லை. போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அப்பா குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கீழே ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. அப்பா அவனை வகுப்பில் தம் வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார் என்று அம்மா ஒரு முறை சொன்னாள், வலது காது தம் பக்கம் இருக்கட்டும் என்று.

“அதெல்லாம் இருக்காதுப்பா” என்றேன் நான். எனக்கு எதுவும் தெரியாது. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு டெட்ராசைக்ளினைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வயதான மனிதரைத் திண்ணையிலிருந்து எழுப்பி உள்ளே அழைத்து வருவதற்காகச் சொன்னது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. மறுபடி அவர் கேட்கவே இல்லை.

பதினைந்து ஆண்டுகள் தாமதமாக, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். என் பழைய மாணவி ஒருத்தி பிறகு மருந்தியல் படித்து இப்போது மருந்தாளுநராக இருக்கிறாள். பாதி அவள் சொன்னது, பாதி அவள் கொடுத்துப் படித்தது.

அந்தத் தேதி மருந்து சாகும் நாள் அல்ல. அதுவரை மருந்தின் வீரியம் அட்டையில் சொல்லியிருக்கும் அளவில், பொதுவாகத் தொண்ணூறு விழுக்காட்டுக்குக் குறையாமல், இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் வாக்கு. மாதமும் ஆண்டும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை அந்த வாக்கு செல்லும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை அவர் சோதிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நம் நாட்டின் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. 1945-இன் விதிகள் தேதி கடந்த மருந்தை விற்பதைத் தடுக்கின்றன. வீட்டில் விழுங்குவதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் பேசவில்லை.

தேதிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைச் சோதிக்க ஒருவருக்குத்தான் காரணம் இருந்தது: அமெரிக்க ராணுவத்துக்கு. கிடங்கு கிடங்காக மருந்தை வாங்கிப் போர் வராமல் வைத்திருப்பவர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அவ்வளவையும் கொட்டிவிட்டு மீண்டும் வாங்குவது பெரிய செலவு. 1986 முதல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்காக அந்த மருந்துகளைச் சோதித்து வருகிறது. 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி 122 வகை மருந்துகளில் 3005 தயாரிப்புத் தொகுதிகளைச் சோதித்ததில் 88 விழுக்காடு, தேதி கடந்தும் குறைந்தது ஓராண்டுக்கு நன்றாக இருந்தன. சராசரி நீட்டிப்பு 66 மாதம். 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில், தேதி போய் 28 முதல் 40 ஆண்டுகள் ஆன பழைய மருந்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சோதித்த 14 மருந்துப்பொருள்களில் 12, சொன்ன அளவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வீரியத்தோடு இருந்தன. தேறாதவற்றில் ஒன்று ஆஸ்பிரின்.

அப்பா டப்பாவின் வாடைக்குக் காரணமும் அதுதான். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து இரண்டாகும். அதில் ஒன்று வினிகரில் இருக்கும் அதே அமிலம். மருந்து போய்விட்டதை மூக்கே சொல்லிவிடும் அரிய இடம் இது. மற்றவை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவிடம் 2010-இல் சொன்ன பொய் பொய்யில்லை என்றாகிவிட்டதே. மாணவிதான் நிறுத்தினாள். “அம்மா, அது மூடின டப்பா, குளுகுளு கிடங்கு. உங்க பரண் எத்தனை டிகிரி?” என்றாள்.

எங்கள் வீடு ஓட்டு வீடு. சித்திரையில் வெளியே 38, 39 டிகிரி என்றால் பரணில் அதற்கும் மேல். நம் நாட்டில் விற்கும் மருந்தின் ஆயுளைத் தீர்மானிக்க 30 டிகிரி வெப்பத்திலும் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும் அதை மாதக்கணக்கில் வைத்துச் சோதிக்கிறார்கள். 40 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் ‘விரைவுச் சோதனை’. மருந்தைச் சீக்கிரம் கெடவைத்துப் பார்ப்பதற்கான சூடு அது. ஆறு மாதம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். எந்தச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் கெடும் என்று கண்டுபிடிக்கச் சோதனைச்சாலையில் பெட்டி கட்டியிருக்கிறார்களோ அந்தப் பெட்டிக்குள்தான் நம்மில் பலர் குடியிருக்கிறோம். தேதி இருந்தாலும் அது இந்த வீட்டுக்குப் போட்ட தேதி இல்லை. சில மருந்துகள் தேதிக்கு முன்பே போயிருக்கலாம். சில தேதி தாண்டியும் நின்றிருக்கலாம். வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம் சித்த மருத்துவர்கள் இதை வேறு விதமாக அணுகியிருக்கிறார்கள். மருந்து எந்த வடிவில் இருக்கிறது என்பதை வைத்து ஆயுள் குறித்தார்கள். சாறும் குடிநீரும் மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். இளகமும் நெய்யும் ஆறு மாதம். எண்ணெய் ஓராண்டு. செந்தூரம் எழுபத்தைந்து ஆண்டு, பற்பம் நூறு, சுண்ணம் ஐந்நூறு. ஐந்நூறு ஆண்டை யார் வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் நீர் சேர்ந்தது முதலில் கெடும், நெருப்பில் புடமிட்டது கடைசியில் கெடும் என்ற வரிசையில் பிழை இல்லை. இன்றைய மருந்துக்கும் அது பொருந்துகிறது. உலர்ந்த மாத்திரை தாங்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடி கலந்த பிறகு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம். இன்சுலின் திறந்து ஏறக்குறைய நான்கு வாரம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் மருந்து ஆவியாகி வெறும் மாத்திரை மிஞ்சும். இவற்றில் தேதி கடந்ததை நம்புகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். தலைவலி மாத்திரையில் போனால் தலைவலி போகாது, அவ்வளவுதான்.

சரி, நஞ்சாகுமா? எல்லோரும் அஞ்சுவது அதற்குத்தான். மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது ஒரே சம்பவம். 1963-இல் அமெரிக்காவில் பழைய, சிதைந்த டெட்ராசைக்ளின் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததாக எழுதினார்கள். அந்தக் காலத்து மாத்திரையில் சேர்த்திருந்த ஒரு பொருளுக்கும் அதில் பங்கிருந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு அந்தச் சேர்மானத்தை மாற்றிவிட்டார்கள். பொதுவாகப் பழைய மாத்திரையின் ஆபத்து அது நஞ்சாவதில் இல்லை, மருந்தாக இல்லாமல் போவதில்தான் இருக்கிறது.

இங்கேதான் அப்பாவின் கேள்வி எனக்குத் திரும்பி வந்தது. அந்தக் காப்சூல் தேதி கடந்ததாகவே இருந்திருக்கட்டும். அதனால் அந்தப் பையனின் காது போயிருக்காது. மூளைக்காய்ச்சலே காதைக் கொண்டுபோகும் நோய். நேற்றுத் தயாரித்த காப்சூலாக இருந்தாலும் இரண்டே இரண்டு, எந்த நோய்க்கு என்று தெரியாமல், யாருக்கோ எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியது. அது அந்த நோயைத் தொட்டிருக்காது. மாறாக, முதல் நாள் கொடுத்த காய்ச்சல் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. இறங்கியதால் ஒரு நாள் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த ஒரு நாளில் மழை வலுத்துப் பாதை சரிந்தது. கெடாத மருந்துதான் அவர்களைக் காத்திருக்க வைத்தது.

இதை அவரிடம் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். தேதிதான் குற்றவாளி என்றிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர், யாரோ வெட்டிய துண்டு. ஆனால் அவர் சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டார், தவறான காரணத்துக்காக. அதே டப்பா அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் இரவுகளைக் கடக்க வைத்தது என்பதும் பொய்யல்ல. திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் மருந்துக்குச் சொல்லும் தகுதிகளில் ஒன்று அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பது. வகுப்பில் அந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவேன். வீரியம் முக்கியம், நோய்க்குப் பொருந்துவது முக்கியம், கிடைப்பதில் என்ன பெரிய சேதி என்று. ஐப்பசி மழையில், மலையின்மேல், பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில், கிடைத்த மருந்து அது ஒன்றுதான்.

இப்போது டப்பாவில் இருந்தவற்றைப் பற்றி. 2010-க்குப் பிறகு அப்பா ஒன்று செய்திருக்கிறார். ஒவ்வொரு வெட்டுத் துண்டின் முதுகிலும் சிறு காகிதம் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதியிருக்கிறார். வெட்டும்போதே கடைக்காரரிடம் முனையைக் காட்டச் சொல்லிக் கேட்டு எழுதியது. ‘8/2013’, ‘2/2016’ என்று வாத்தியார் கையெழுத்தில். அரசு மருத்துவமனையில் தந்த, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட துண்டுகளிலும் எழுதியிருக்கிறார். கடைசித் துண்டில் ‘11/2022’. அவருடைய இரத்த அழுத்த மாத்திரை அது.

எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. நான் கேட்ட கடையில் திருப்பி வாங்க மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு அவர்களிடம் வழி இல்லை. கேரளத்தில் 2025-இல் கோழிக்கோட்டில் வீடுகளிலிருந்து வேண்டாத மருந்துகளைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அதே ஆண்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் வழிகாட்டுதல் ஒன்று வெளியிட்டது. கடுமையான வலிநிவாரணி போன்ற, இன்னொருவர் கைக்குப் போகவே கூடாத 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் விட்டுவிடலாம்; மற்றவற்றை அப்படிச் செய்யக்கூடாது, நீரில் கலக்கும். ஆன்டிபயாடிக்கைச் சாக்கடையில் கொட்டினால் அது எதையும் குணப்படுத்தாமல் கிருமிகளுக்குப் பாடம் மட்டும் நடத்தும்.

ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தேன். கொடுங்கையூர் நினைவில் இருந்ததால் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டினேன். மாத்திரைகளைப் பழைய டீத்தூளோடு பிசைந்து உறையில் கட்டினேன். குப்பை பிரிக்க வரும் பெண் அதைத் திறந்து பார்த்தாலும் மறுபடி மூடிவிட வேண்டும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒட்டிய காகிதங்கள் சில விரலில் ஒட்டிக்கொண்டன.

“டப்பாவ மட்டும் குடுத்துடு” என்றாள் கடைசியில்.

சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துவைத்தாள். வாடை போயிற்றா என்று முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுடைய மூட்டுவலி மாத்திரைகள் அதில் இருந்தன. பரணில் அல்ல, நான் சொன்னபடி சூடு குறைந்த உள்ளறை அலமாரியில், மருந்துக்கடையில் வெட்டித் தந்த நான்கு மாத்திரைத் துண்டு. கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்த மாதத்தைச் சொல்லி, கண் தெரியவில்லை, எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன்.